அடுத்த பந்து

35 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு ஒரு வியாதி வந்துவிடுகிறது. எதைப் பார்த்தாலும் மார்க் போடத் தோன்றும். காலைக் காபிக்குப் பத்துக்கு ஏழு. பக்கத்து வீட்டுக்காரர் கோலத்துக்கு வைத்த புள்ளி வரிசைக்குப் பத்துக்கு எட்டு. மாப்பிள்ளை கார் ஓட்டுகிற அழகுக்கு ஐந்தரை. ஓய்வு பெற்ற பிறகும் இந்த வியாதி என்னை விட்டபாடில்லை.

என் மனைவி மட்டும் என் மார்க்குகளை லட்சியம் செய்வதில்லை. "ஊருக்கெல்லாம் போடுகிறீர்களே, உங்களுக்கு யாராவது ஒருநாள் போடாமலா போய்விடுவார்கள்?" என்பாள்.

அந்த ஒருநாள் 2024 மார்ச் மாதம் வந்தது. அதுவும் அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாநிலத்து மைதானம் ஒன்றின் வேலியோரத்தில்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் பேத்தியையும் பார்த்துவிட்டு வரலாமென்று போயிருந்தோம். பேத்திக்கு வயது 11. பள்ளிப் பாடத்தில் கெட்டி. ஆனால் அவள் உயிர் ஸாப்ட்பாலில் இருந்தது. மாப்பிள்ளையோ வாரம் முழுவதும் கம்ப்யூட்டரோடு மல்லாடிவிட்டு, சனி ஞாயிறுகளில் அந்த ஊர்ச் சிறுமிகளுக்குச் சம்பளமில்லாத பயிற்சியாளர். கோடைப் பருவ ஆட்டங்கள் தொடங்குமுன், சிறுமிகளையெல்லாம் ஒருநாள் வரவழைத்துச் சோதித்துப் பார்த்துக் குழுக்களாகப் பிரிப்பார்கள்.

"மாமா, சனிக்கிழமை பிட்சர்களைச் சோதிக்கிறோம். பந்தெறிகிற குழந்தைகளைத்தான் இங்கே பிட்சர் என்பது. தாளில் மார்க் குறித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நீங்கள் வருகிறீர்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

கரும்பு தின்னக் கூலியா? அப்போதே பேனாவுக்கு மை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

ஸாப்ட்பால் என்பது என்னவென்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பெயரைப் பார்த்துப் பஞ்சுப் பந்து என்று எண்ணிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் எண்ணி, அதை மடியில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன். தொடை இரண்டு நாள் வலித்தது. 1887-ம் வருஷம் சிகாகோ நகரத்துப் படகுச் சங்கம் ஒன்றில் இந்த ஆட்டம் பிறந்தது. கொட்டகைக்குள் காத்திருந்த வாலிபர்களில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றை வீச, இன்னொருவர் அதைக் கழியால் அடித்தார். அங்கே இருந்த ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்த விளையாட்டையே ஓர் ஆட்டமாக்கிவிட்டார். பேஸ்பாலுக்குத் தங்கை முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

தங்கைதானே என்று இளப்பமாக எண்ணுவதற்கில்லை. 1961-ல் கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரியில், முந்திய வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்த பேஸ்பால் சூரர் டெட் வில்லியம்ஸ், ஜோன் ஜாய்ஸ் என்ற இளம் பெண் எறிந்த பந்துகளைத் தொட முடியாமல் திணறினார். 2004-ல் ஜென்னி பின்ச் என்ற பெண், ஆல்பர்ட் புஹோல்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரரைத் திருப்பியனுப்பினார். பெரியவர்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்பது 43 அடி தூரத்தில். நல்ல கை எறிந்தால், அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய அரை வினாடி கூடக் கிடையாது.

இந்தப் பந்தைக் கீழ்க்கையாகத்தான் எறிய வேண்டும். கை காற்றாலை மாதிரி ஒரு முழு வட்டம் சுற்றி வந்து, இடுப்பருகே பந்தை விடும். அது 17 அங்குல அகலமுள்ள ஒரு தட்டின் மேலாக, அடிப்பவளின் அக்குளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில் போக வேண்டும். போனால் 'ஸ்ட்ரைக்', தப்பினால் 'பால்' (நம் ஊர்ப் பசு தருவது அல்ல). மூன்று ஸ்ட்ரைக்கில் அடிப்பவள் அவுட். நாலு பால் ஆகிவிட்டால் அவள் அடிக்காமலே முதல் முளைக்கு நடந்து போய்விடுவாள். தவறான நாலு பந்துக்கு எதிராளிக்கு இலவசப் பிரயாணம்! ஆகவே பிட்சராக நிற்கிற குழந்தைக்கு ஒளிய இடமே இல்லை. மைதானத்து நடுவில், எல்லோர் கண்ணும் பார்க்க, ஒவ்வொரு பந்தும் அவள் கையிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை பேத்தி என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். "தாத்தா, நான் போடறதைப் பாரு. நாளைக்கு எத்தனை மார்க் வரும்னு சொல்லு."

மாப்பிள்ளை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கத் தயாரானார். முதல் பந்து தரையில் குத்தி ரோஜாச் செடிக்குள் புகுந்தது. இரண்டாவதும் தரையில் குத்தியது.

நான் மூன்றாவதுக்குக் காத்திருக்கவில்லை. பரீட்சைத் தாளில் முதல் பக்கத்தைப் பார்த்தாலே மார்க் எவ்வளவு என்று சொல்லிவிடுவேனே! "குட்டி, வேகமும் போதவில்லை, குறியும் போதவில்லை. பத்துக்கு நாலு. வேறு ஏதாவது இடத்தில் நின்று ஆடேன்" என்றேன்.

குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. செடிக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சமையலறை ஜன்னலில் என் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டின்போது மட்டும், "அப்பா, நாளைக்குக் குளிர் ஜாஸ்தி. ஸ்வெட்டர் போட்டுக்குங்க" என்றாள். வழக்கமான வார்த்தைதான். ஆனால் சொன்ன குரலில் ஸ்வெட்டரின் கதகதப்பு இல்லை.

மறுநாள் மைதானத்தில் ஊசியாய்க் குத்துகிற காற்று. சுமார் இருபது சிறுமிகள், முதுகில் நம்பர் குத்திக்கொண்டு, முகத்தில் கம்பிக் கவசம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். வேகம் பார்க்க ஒரு துப்பாக்கி மாதிரிக் கருவி. பந்தை நோக்கிப் பிடித்தால் எத்தனை மைல் என்று எண் விழும். எண் விழுவதைப் பார்த்ததும் எனக்குப் பரமானந்தம். இதைவிட நியாயமான பரீட்சை உலகத்தில் உண்டா?

என் பக்கத்தில் ஓர் அம்மாள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, வெயிலில் கறுத்த முகம். கல்லூரி நாளில் பிட்சராக இருந்தவராம். எல்லோரும் 'கோச்' என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு நான் குமாஸ்தா. அவர் கொடுத்த தாளில் மூன்று பத்திகள்: வேகம், குறி, மூன்றாவதற்குத் தலைப்பே இல்லை.

"இது எதற்கு?" என்று கேட்டேன்.

"அதற்குப் பெயர் வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே வாருங்கள்" என்றார்.

உயரமான ஒரு பெண் முதலில் வந்தாள். கருவியில் 47 மைல் விழுந்தது. கேட்சரின் கையுறையில் பந்து வெடி மாதிரி முழங்கியது. நான் வேகத்துக்குப் பத்து, குறிக்கு ஒன்பது என்று எழுதினேன். அடுத்து வந்தவள் குட்டையாக இருந்தாள். 34 மைல். பத்துப் பந்தில் ஏழு, வலப்பக்கமாக ஒரே இடத்தில் தப்பின. நான் குறிக்கு மூன்று போட்டேன்.

கோச் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் கணக்கு வாத்தியார் அல்லவா? பத்துக் கணக்கிலும் ஒரே தப்பைச் செய்கிற பையனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?" என்று கேட்டார்.

"அவன் தேறிவிடுவான். ஒரே ஒரு விஷயம் அவனுக்குப் புரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தால் பத்தும் சரியாகிவிடும்" என்றேன்.

"பத்துக் கணக்கில் பத்து விதமான தப்புச் செய்கிறவன்?"

"அவனோடு ஒரு வருஷம் மாரடிக்க வேண்டும்."

"அப்படியானால் இந்தக் குழந்தைக்கு ஏன் மூன்று?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அவரே விளக்கினார். பந்தைக் கையிலிருந்து சற்று முன்னதாக விட்டால் தாழ்ந்து போகும். தாமதமாக விட்டால் உயர்ந்து போகும். கைவட்டம் நேர்கோட்டை விட்டு விலகினால் இடமோ வலமோ போகும். பந்து எங்கே தப்புகிறது என்பதே நோய் இன்னதென்று சொல்லிவிடும். ஒரே இடத்தில் தப்புகிற பந்து, அதிர்ஷ்டத்தால் குறியில் விழுகிற பந்தைவிட மேல்.

"வேகத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன்" என்றார். "இந்தப் பிரிவில் 11 வயதும் 12 வயதும் கலந்திருக்கிறார்கள். அந்த உயரமான பெண்ணுக்கு இது இரண்டாவது வருஷம். குட்டைப் பெண்ணுக்கு முதல் வருஷம். போன பருவம் வரை அவள் 35 அடியிலிருந்து 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை எறிந்தாள். இப்போது தூரம் 40 அடி. பந்தும் 12 அங்குலம். கை அதேதான். நாம் அளப்பது அவள் திறமையையா, அவள் பிறந்த தேதியையா?"

எனக்குச் சுருக்கென்றது. ரோஜாச் செடி ஞாபகத்துக்கு வந்தது. என் பேத்திக்கும் இது முதல் வருஷம் அல்லவா?

எல்லோரும் ஒரு சுற்று எறிந்து முடித்தார்கள். அத்துடன் ஆயிற்று என்று நான் கூட்டல் போடத் தொடங்கினேன். கோச் அம்மாள் தடுத்தார். ஒரு பெரிய பெண்ணைக் கவசத்தோடு தட்டருகே பேட்டுடன் நிறுத்தினார். அவள் அடிக்கப் போவதில்லை, சும்மா நிற்பாள். பிட்சர்களிடம், "இப்போது மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் ஆகியிருக்கிறது. இது கடைசிப் பந்து" என்றார். வெறும் கேட்சருக்கு எறிவது வீட்டுப்பாடம். எதிரே ஓர் ஆள் நின்றால்தான் பரீட்சை என்பது அவர் சித்தாந்தம்.

என்ன ஆச்சரியம்! ஆள் வந்து நின்றதுமே பல குழந்தைகளின் கை மாறிவிட்டது. 47 மைல் பெண் ஒரு பந்தைத் தவறவிட்டதும் உடனே வேலிப்பக்கம் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். அடுத்த பந்தும் தவறியது. மறுபடி அப்பாவைப் பார்த்தாள். "நல்ல கை. இவள் கட்டாயம் வேண்டும். ஆனால் அப்பாவை மட்டும் கார் நிறுத்துமிடத்தில் நிறுத்திவைக்க வேண்டும்" என்று கோச் அம்மாள் முணுமுணுத்தார். இன்னொருத்தி கேட்சரை முறைத்தாள். வேறொருத்தி பிழை போனதும் அவசர அவசரமாக அடுத்ததை எறிந்தாள். குட்டைப் பெண் தோளைக் குலுக்கிக்கொண்டு, காலை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்து எறிந்தாள். பந்து தட்டின் மேல் போயிற்று.

"மூன்றாவது பத்தி இதற்குத்தான்" என்றார் அம்மாள். "நல்ல பந்தை எல்லோரும் எறிவார்கள். மோசமான பந்துக்கு அடுத்த பந்தைத்தான் நான் பார்க்கிறேன்."

ஜப்பானியப் பெண் யூகிகோ உயெனோவைப் பற்றியும் அவர் சொன்னார். 2008-ல் பீஜிங் ஒலிம்பிக் பந்தயத்தில் இரண்டே நாளில் 413 பந்துகள் எறிந்து தன் நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 2021-ல் டோக்கியோவில், 39 வயதில், மறுபடியும் தங்கம். "முதல் பந்துக்கு வேகம் போதும். 413-வது பந்துக்கு எது வேண்டும் என்பதைக் காட்ட இந்தத் துப்பாக்கியில் எண் இல்லை" என்றார்.

என் பேத்தியின் முறை வந்தது. சொந்தப் பெண்ணுக்குத் தகப்பன் மார்க் போடக்கூடாதென்பது அங்கே வழக்கம். மாப்பிள்ளை தாளைக் கீழே வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு தூரப் போய் நின்றார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு வேறொரு முதுகு ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எறிவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையிடமும் கோச் அம்மாள் ஒரு கேள்வி கேட்பார்: "வீட்டில் உனக்கு யார் பந்து பிடிக்கிறார்கள்?" பிடிக்க ஆளில்லாத பிட்சர், ஸ்வரம் பிடிக்கக் குருவில்லாத பாடகி மாதிரியாம். பேத்தியையும் கேட்டார்.

அப்பா என்று சொல்வாள் என நினைத்தேன். "அம்மா" என்றாள். "அப்பா லீவு நாளில்தான். தினமும் கராஜில் அம்மாதான் பிடிக்கிறாங்க."

தினமும் மாலை ஆறு மணிக்குக் கார்க் கொட்டகையிலிருந்து 'டம், டம்' என்று சத்தம் கேட்கும். துணி துவைக்கிற யந்திரம் என்று பத்து நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன்! திரும்பிப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் என் பெண் கைகட்டி நின்றாள்.

பேத்தியின் முதல் பந்து தரையில் குத்தியது. இரண்டாவதும் குத்தியது. இந்தத் தடவை நான் பேனாவை மூடிவைத்துவிட்டேன். 36 மைல். பத்தில் ஆறு தாழ்ந்து போயின. பிறகு பேட் பிடித்த பெண் வந்து நின்றாள். அதற்கு எறிந்த முதல் பந்து அவள் முழங்காலை உரசுகிற மாதிரி போயிற்று. எனக்கு நெஞ்சு அடைத்தது. பேத்தி, "அடிபட்டுதா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். இல்லையென்று தெரிந்ததும் திரும்பிப் போய், பாதத்தால் மண்ணைச் சமன்படுத்தி, பந்தைக் கையில் ஒருதரம் உருட்டிப் பார்த்து, ஒரு மூச்சு விட்டாள். யாரையும் பார்க்கவில்லை. என்னைக்கூட. எறிந்தாள். முழங்காலுக்கு நாலு விரல் மேலே, தட்டின் நடுவில் போயிற்று.

கோச் அம்மாள் என் தாளை வாங்கி, மூன்றாவது பத்தியில் தாமே ஏதோ எழுதினார்.

இப்போது அந்த இன்னொரு முதுகைச் சொல்லிவிடுகிறேன். 1995-ம் வருஷம். தஞ்சாவூர் ஜில்லாவில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் என் பெண்ணும் படித்தாள்; 13 வயது. எறிபந்துக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். விளையாட்டு ஆசிரியர் விடுப்பில் இருந்ததால், தேர்வு செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒவ்வொருத்திக்கும் நாலு தடவை பந்து போடச் சந்தர்ப்பம் என்று அறிவித்தேன். என் பெண் போட்ட முதல் பந்து வலையில் விழுந்தது. இரண்டாவது கோட்டுக்கு வெளியே போயிற்று. 'வாத்தியார் தன் பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்' என்று ஊர் சொல்லிவிடுமே என்ற பயம் எனக்கு. "போதும், அடுத்த ஆள்" என்று சொல்லி முதுகைத் திருப்பிக்கொண்டேன். அதை நேர்மை என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். அவள் அதற்குப் பிறகு பந்தையே தொடவில்லை. நானும் அவள் சுபாவமே அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு சமையலறைக்குப் போனேன். பெண் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. "அம்மா, அந்த எறிபந்து..." என்றேன்.

அவள் திரும்பவில்லை. "நாலு சர்வீஸ்னு சொன்னீங்கப்பா. எனக்கு ரெண்டுதான் கொடுத்தீங்க" என்றாள்.

29 வருஷமாக அவள் அந்த இரண்டை மறக்கவில்லை. எனக்கு நாலு என்று நான் சொன்னதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"கூட்டல் தப்பாகப் போட்டுவிட்டேன், அம்மா" என்றேன். எனக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

அவள் ஈரத் துணியை உதறிக் காயப் போட்டாள். "காலையில் குட்டிகிட்ட சொல்லுங்க. எனக்கு வேண்டாம்" என்றாள். பிறகு கொஞ்சம் பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

காலையில் குட்டியிடம் சொன்னேன். "தாத்தா போட்ட நாலு மார்க் செல்லாது. இரண்டு பக்கம் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிட்டேன்." அவள் பெரிய மனுஷி மாதிரி யோசித்து, "அப்போ நீயும் தினமும் ஆறு மணிக்கு கராஜுக்கு வா. கீழே விழற பந்தை எடுத்துக் கொடு" என்று தண்டனை விதித்தாள். அதை ஒரு மாதம் நிறைவேற்றினேன். இடுப்பு சாட்சி.

பேத்திக்குக் குழுவில் மூன்றாவது பிட்சர் என்ற ஸ்தானம் கிடைத்தது. ஆட்டத்துக்கு ஒரு சுற்று எறியலாம். ஏப்ரலில் முதல் ஆட்டம். நானும் மனைவியும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தோம். பெண் என் பக்கத்தில் இருந்தாள்.

குட்டி வந்து நின்றாள். முதல் பந்து தரையில் குத்தியது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அடிக்க வந்தவள் பேட்டைப் போட்டுவிட்டு இலவசப் பிரயாணம் கிளம்பினாள். எதிர்ப்பக்கத்தில் கைதட்டினார்கள். பழக்க தோஷம், என் கை சட்டைப் பைக்குப் போயிற்று; அங்கே பேனா இருந்தது.

என் பெண் அந்தக் கையை மெல்லப் பிடித்துக் கீழே வைத்தாள். பிடித்த கை உள்ளங்கையெல்லாம் காய்த்துப் போயிருந்தது.

"அடுத்த பந்தைப் பாருங்கப்பா" என்றாள்.

பார்த்தேன். அது எங்கே போயிற்று, அதற்கு எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். நான் போடவில்லை.